பழைய அருங்காட்சியகத்தைப் புதுப்பிக்கும்போது முதலில் எதை நீக்குவது?

கேள்வியின் சுருக்கம் இது: நூறாண்டைக் கடந்த ஓர் அருங்காட்சியகக் கட்டடம், பார்வையாளர் வரத்து குறைந்துவிட்டது, அறைகள் இருட்டாகவும் புழுக்கமாகவும் இருக்கின்றன. நடு முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை, புதிய நுழைவு மண்டபம், தொடுதிரைகள், சிற்றுண்டிச்சாலை, மாலை நிகழ்ச்சிகளுக்கு ஓர் அரங்கம் என்று நிர்வாகக் குழு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. கட்டடத்தின் மரபுத் தன்மை கெடாமல் இவற்றில் எவ்வளவு செய்யலாம், எதிலிருந்து தொடங்கலாம், மக்கள் பயன்பாட்டுக்கு எந்த அளவு திறந்துவிடலாம்?

திட்டத்தில் உள்ளவை எல்லாமே புதிதாகச் சேர்ப்பவையாக இருப்பதைக் கவனியுங்கள். நீக்க வேண்டியது என்று ஒன்றுகூட அதில் இல்லை. பழைய அருங்காட்சியகக் கட்டடங்களின் குறைகளாகப் பார்வையாளர்கள் சொல்பவற்றில் பெரும்பகுதி அவை கட்டப்பட்ட நாளில் இருந்தவை அல்ல என்பதுதான் என் பதிலின் மையம். இருட்டு, புழுக்கம், வழி தெரியாமல் தடுமாறுவது ஆகியவை பெரும்பாலும் பிற்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திணிக்கப்பட்டவற்றின் விளைவு. ஆகவே கண்ணாடிக் கூரையைப் பற்றிப் பேசும் முன், கடந்த எழுபது எண்பது ஆண்டுகளில் கட்டடத்துக்குள் என்னென்ன சேர்ந்தன என்று கணக்கெடுப்பதே முதல் வேலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அருங்காட்சியகம் கட்டியவர்களிடம் நம்பகமான மின்விளக்கு இல்லை. குளிரூட்டும் இயந்திரமும் இல்லை. பொருள்களைப் பகல் வெளிச்சத்தில் காட்டியாக வேண்டும், கூட்டத்தின் வெப்பத்தைக் காற்றோட்டத்தால் வெளியேற்றியாக வேண்டும். அதனால்தான் உயரமான விதானம், சுவரின் மேற்பகுதியில் சாளரங்கள், கூரையில் வெளிச்சத் திறப்புகள், ஒன்றுக்குள் ஒன்றாகத் திறக்கும் அறைகள், நடுவில் முற்றம் என்று கட்டினார்கள். பிறகு சேகரிப்பு பெருகியது, அலுவலர்கள் பெருகினார்கள். முற்றத்தில் அறைகள் எழும்பின, சாளரங்கள் பலகையால் மறைக்கப்பட்டன, பொய்க்கூரை வந்தது, அதற்கு மேலே வயர்கள் ஓடின. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்தந்த நேரத்தில் நியாயமான காரணம் இருந்திருக்கும். எல்லாம் ஒன்று சேர்ந்தபோது கட்டடம் வேலை செய்வதை நிறுத்திவிட்டது.

இதற்கு ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ்மியூசியத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. பியர் கௌப்பர்ஸ் வடிவமைத்து 1885ல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் இரண்டு பெரிய முற்றங்களும் இருபதாம் நூற்றாண்டில் காட்சி அறைகளால் நிரப்பப்பட்டன. சுவர்களில் இருந்த ஓவிய வேலைப்பாடுகள் வெள்ளை பூசி மறைக்கப்பட்டன. 2003ல் தொடங்கிய புதுப்பிப்பில், செவில் நகரத்தைச் சேர்ந்த குரூஸ், ஓர்டிஸ் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் செய்த மிகப் பெரிய வேலை, இடைக்காலத்தில் நுழைந்தவற்றை வெளியேற்றியதே. முற்றங்கள் மறுபடி வெறுமையாயின. தரைமட்டத்தைத் தாழ்த்தி, இரண்டையும் கீழ்வழியாக இணைத்து, அதையே நுழைவு மண்டபமாக்கினார்கள். எந்தப் புதிய மண்டபம் வேண்டுமென்று பிறர் கேட்பார்களோ, அது கட்டடத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது.

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் கதையும் இதே வகைதான். வட்ட வடிவ வாசிப்பு மண்டபத்தைச் சுற்றியிருந்த முற்றம் புத்தக அடுக்குகளால் நிரம்பி, ஏறத்தாழ 150 ஆண்டுகள் பொதுமக்கள் கண்ணில் படாமல் இருந்தது. நூலகம் வேறிடத்துக்கு மாறிய பிறகு அடுக்குகளை அகற்றி, 2000 டிசம்பரில் கண்ணாடிக் கூரையுடன் திறந்தார்கள். ஒன்றைப் போல மற்றொன்று இல்லாத 3,312 கண்ணாடிப் பலகைகள் கொண்ட அந்தக் கூரையைத்தான் உலகம் முழுவதும் படம் பிடித்துப் போனது. அதன் பிறகு முற்றம் உள்ள ஒவ்வொரு பழைய கட்டடத்துக்கும் ஒரு கண்ணாடிக் கூரை கேட்கும் பழக்கமும் பரவியது. அங்கே பார்வையாளருக்குக் கிடைத்த பெரிய நன்மை, எந்த அறைக்கும் நடுவிலிருந்தே போகலாம் என்ற வழித்தெளிவு. அதைக் கொடுத்தது, புத்தக அடுக்குகளை அகற்றியதுதான்.

ஆனால் நீக்குவது என்பதைப் பழைய படத்தை வைத்துக்கொண்டு பிற்காலத்தவை எல்லாவற்றையும் இடித்துத் தள்ளுவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மரபுக் கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச ஆவணமாக 1964ல் ஏற்கப்பட்ட வெனிஸ் சாசனம், ஒரு கட்டடத்தில் எல்லாக் காலங்களின் நியாயமான பங்களிப்பையும் மதிக்கச் சொல்கிறது. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்றும் சொல்கிறது. இத்தாலியின் வெரோனா நகரில் அருங்காட்சியகமாக உள்ள காஸ்தெல்வெக்கியோ கோட்டையில் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்பா 1958 முதல் 1964 வரை செய்த வேலை இந்தத் தீர்ப்பு எவ்வளவு நுட்பமானது என்பதைக் காட்டும். கோட்டையின் பழைய அடுக்குகள் தெரிவதற்காக நெப்போலியன் காலப் படைவீட்டின் ஒரு பகுதியை அவர் துணிந்து அகற்றினார். அதே கட்டடத்தில், 1920களில் பழைய கோதிக் துண்டுகளை ஒட்டிப் போலியாக எழுப்பப்பட்ட முகப்பை இடிக்காமல் விட்டார். அதற்குச் சற்றுப் பின்னே தன் புதிய கண்ணாடிச் சட்டங்களைத் தனியாக நிறுத்தி, முன்னால் நிற்பது ஒரு திரை மட்டுமே என்று பார்ப்பவருக்குப் புரியவைத்தார். எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. ஒவ்வொரு சேர்க்கையையும் பற்றி மூன்று கேள்விகள் கேட்கலாம். இது எப்போது, எதற்காக வந்தது? அந்தக் காரணம் இன்றும் இருக்கிறதா? இதை எடுத்தால் அடியில் இருப்பது சேதமின்றி வெளிவருமா? மூன்றாவது கேள்விக்குச் சிறு பகுதியில் சுரண்டிப் பார்த்துத்தான் விடை காண முடியும். வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இழந்த பகுதிகளை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பெர்லினின் நொயஸ் மியூசியம் தரும் விடை எனக்கு உகந்தது. ஸ்டூலர் வடிவமைத்து 1843க்கும் 1855க்கும் இடையே கட்டப்பட்ட அது, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் சிதைந்து பல பதிற்றாண்டுகள் இடிபாடாகவே கிடந்தது. டேவிட் சிப்பர்ஃபீல்ட் குழு அதை மீட்டு 2009ல் திறந்தபோது, தப்பிய சுவரோவியத் துண்டுகளும் சுவர்களில் பதிந்த போர்த் தழும்புகளும் அப்படியே நின்றன. அழிந்த பகுதிகளைப் பழைய செங்கற்களை மறுபடி பயன்படுத்தி எளிமையாகக் கட்டினார்கள். எரிந்துபோன பெரிய படிக்கட்டைப் பழைய அளவிலும் போக்கிலும், எந்த அலங்காரமும் இல்லாமல், வெள்ளைச் சிமெண்டும் பளிங்குத் துகளும் கலந்த கான்கிரீட்டில் எழுப்பினார்கள். தள்ளி நின்று பார்த்தால் கட்டடம் ஒன்றாகத் தெரிகிறது. நெருங்கிப் பார்த்தால் எது பழையது, எது புதியது என்பதில் ஐயமே எழாது.

இனி, எந்தத் திறப்பு விழாவிலும் பேசப்படாத வேலைக்கு வருகிறேன். பழைய கட்டடத்தின் முதல் பகை தண்ணீர். கூரையின் ஓரக் கால்வாய் அடைத்து, மழைநீர்க் குழாயின் மூட்டு விட்டு, சுவரின் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் நீர் இறங்கினால், எவ்வளவு தடித்த சுவரும் நமத்துப்போகும். அடித்தளத்திலிருந்து ஈரம் மேலே ஏறுவது இன்னொரு வழி. வெளித்தரையை ஒவ்வொரு முறையும் பழைய தளத்தின் மீதே போட்டு உயர்த்திக்கொண்டே வந்ததால், சுவரின் அடிப்பகுதி மண்ணுக்குள் போயிருப்பதைப் பல கட்டடங்களில் காணலாம். அங்கெல்லாம் சுற்றிலும் தரையைப் பழைய மட்டத்துக்கு வெட்டி இறக்கினாலே பாதி ஈரம் நின்றுவிடும். இதுவும் நீக்கும் வேலைதான்.

ஈரத்தை மறைக்கச் சிமெண்ட் பூசுவது கட்டடத்துக்குச் செய்யும் பெருந்தீங்கு. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவர், உள்வாங்கிய ஈரத்தைத் தன் மேற்பரப்பு வழியாக மெல்ல வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அதன்மேல் அடர்த்தியான சிமெண்ட் பூச்சோ பிளாஸ்டிக் தன்மையுள்ள வண்ணமோ ஏறினால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கும். அதில் கரைந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே பெயர்த்துத் தள்ளும். சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாக விழும்போது, போன முறை சரியாகப் பூசவில்லை என்று சொல்லி இன்னும் வலுவான சிமெண்ட் பூசுவார்கள். சிமெண்டைப் பொறுமையாகக் கையுளியால் எடுத்து, சுவரைப் பல மாதங்கள் காயவிட்டு, பழைய காரையை ஆய்வு செய்து அதே விகிதத்தில் சுண்ணாம்பு பூச வேண்டும். சுவர் காய்வதற்கான இந்தக் காலத்தைப் பணி அட்டவணையில் எவரும் ஒதுக்குவதில்லை. திறப்பு விழா நாள் குறித்த பிறகு ஒதுக்கவும் முடியாது.

பொருள் பொருந்துவது பற்றி ஓர் இடைக்குறிப்பு. மேலே சொன்ன பிரிட்டிஷ் மியூசிய முற்றத்தில், தெற்கு முகப்பைப் போர்ட்லண்ட் கல்லால் கட்ட வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தும், பிரான்சிலிருந்து வந்த வேறொரு சுண்ணக்கல் பயன்பட்டுவிட்டது. பக்கத்துச் சுவர்களைவிட அது வெளிறித் தெரிந்ததும் பெரும் சர்ச்சையாயிற்று. அவ்வளவு பெயரும் கண்காணிப்பும் உள்ள இடத்திலேயே இது நடந்தது என்றால், மாதிரிக் கல்லையும் மாதிரிப் பூச்சையும் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து கட்டுமான இடத்திலேயே கண்ணெதிரே வைத்திருக்க வேண்டியதன் தேவை விளங்கும்.

குளிரூட்டல் பற்றிய விவாதத்தில் ஓர் எண் அடிக்கடி வந்து நிற்கும்: ஈரப்பதம் 50 விழுக்காடு, வெப்பம் 20 டிகிரி, ஆண்டு முழுவதும் மாறக் கூடாது. பல நாடுகளில் இது வேதவாக்குப் போல நெடுங்காலம் ஓதப்பட்டது. இந்தச் சிந்தனை வலுப்பெற்ற வழிகளுள் ஒன்று, போர்க்காலத்தில் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் படங்களை வேல்ஸ் மலைச் சுரங்கத்துக்குள் நிலையான தட்பவெப்பத்தில் வைத்திருந்தபோது அவை நன்றாக இருந்த அனுபவம். நிலையாக இருப்பது நல்லது என்ற பாடம் சரியானது. அந்த ஒரு குறிப்பிட்ட அளவு எல்லா ஊருக்கும் எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் என்ற முடிவுதான் மிகை. பெரிய அருங்காட்சியகங்களின் இயக்குநர்கள் கூடும் பிசோ குழுவின் வழிகாட்டுதலே இப்போது பெரும்பாலான பொருள்களுக்கு 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம், 16 முதல் 25 டிகிரி வெப்பம் என்று தளர்ந்திருக்கிறது.

இந்தத் தளர்ச்சி பழைய கட்டடங்களுக்குப் பெரிய நல்வாய்ப்பு. தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் மரத்தளமும் வெளியில் நடக்கும் ஏற்றத்தாழ்வை உள்ளே வரவிடாமல் தாமதப்படுத்துகின்றன. அடைத்த சாளரங்களைத் திறந்து, அவற்றில் புற ஊதா ஒளியைத் தடுக்கும் மெல்லிய ஏடு ஒட்டி, உட்புறம் திரை இட்டு, கூரைக்கு வெப்பக்காப்பு கொடுத்தாலே பல அறைகளுக்கு இயந்திரம் தேவைப்படாது. துணி, காகிதம், பழைய மரச்சிற்பம் போன்ற எளிதில் கெடும் பொருள்களுக்கு மட்டும் நன்கு மூடிய பேழைகளைச் செய்து, அதற்குள்ளே ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தலாம். ஒரு பேழைக்குள் உள்ள காற்றைச் சீராக வைப்பது, பன்னிரண்டு மீட்டர் உயர மண்டபம் முழுவதையும் குளிரவைப்பதைவிடப் பல மடங்கு எளிது. வெளிச்சத்திலும் அப்படியே: துணிக்கும் காகிதத்துக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் என்ற வழக்கமான வரம்பை அந்தந்தப் பேழையில் காத்துக்கொண்டால், நடைவழிகளையும் மண்டபங்களையும் பகல் வெளிச்சத்தில் விட்டுவிடலாம்.

இயந்திரத்தைக் குறைக்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு, அது நெருப்பு. 1818ல் தோன்றிய பிரேசில் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2 இரவில் எரிந்தது. ஏறத்தாழ 2 கோடிப் பொருள்கள் கொண்ட சேகரிப்பின் பெரும்பகுதி அழிந்தது. தரைத்தள அரங்கத்தில் இருந்த ஒரு குளிரூட்டும் சாதனம் அதிகச் சூடேறியதே தொடக்கம் என்று காவல்துறையின் ஆய்வு கண்டது. தீயணைப்பு வீரர்கள் வந்தபோது அருகிலிருந்த நீர்க்குழாய்களில் போதிய அழுத்தம் இல்லை. பழைய மாளிகைக்குள் பிற்காலத்தில் நுழைந்த ஓர் அரங்கம், அதற்கென வைத்த சாதனம், உள்ளே நெடுகப் பரவிய மரவேலை: கேள்வி கேட்டவரின் திட்டத்துக்கு இது மிக அருகில் இருக்கிறது என்பதாலேயே சொல்கிறேன். புதுப்பிப்பு நடக்கும் காலமும் ஆபத்தானதே. கிளாஸ்கோ கலைப்பள்ளியின் மெக்கின்டாஷ் கட்டடம் 2014ல் ஒருமுறை தீப்பற்றியது; அந்தச் சேதத்தைச் சீரமைத்துக்கொண்டிருந்தபோதே 2018ல் மறுபடி எரிந்து கூடாயிற்று. ஆகவே பழைய வயர் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாக இழுப்பது, தளங்களுக்கிடையே உள்ள மறைவான இடுக்குகளை அடைப்பது, புகை உணரும் கருவிகள், தண்ணீர்த் தொட்டி ஆகியவை அலங்கார வேலைக்கு முன்னதாக முடிந்திருக்க வேண்டும். சூடு உண்டாக்கும் எந்த வேலை நடந்தாலும் அது முடிந்த பின் சில மணி நேரம் ஒரு காவலர் அங்கேயே இருக்க வேண்டும்.

நுழைவாயிலைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. உயர்ந்த படிக்கட்டில் ஏறித் தூண்களுக்கிடையே நுழைவது அக்காலத்தின் கம்பீரம். சக்கர நாற்காலியில் வருபவரையும் குழந்தை வண்டி தள்ளி வருபவரையும் முதியவரையும் அது வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. அவர்களுக்கென்று கட்டடத்தின் பின்புறம், சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்டிவிட்டு, அனைவரும் வரலாம் என்று பலகை வைப்பது மரியாதையான செயல் ஆகாது. முன்வாசலில் சாய்தளம் கட்டுவதும் நினைப்பது போல் எளிதன்று: 1க்கு 12 என்ற சரிவில், 90 சென்டிமீட்டர் உயரத்துக்கே ஏறத்தாழ 11 மீட்டர் நீளம் வேண்டும், நடுவில் இளைப்பாறச் சமதளமும் வேண்டும். எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம் 2011ல் வேறு வழி கண்டது. 1866ல் திறக்கப்பட்ட தன் பழைய கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே, தெருமட்டத்தில் இருந்த வளைவுக்கூரைச் சேமிப்பறைகளைக் காலி செய்து, அவற்றையே எல்லோருக்கும் பொதுவான நுழைவு மண்டபமாக்கினார்கள். அங்கிருந்து படியிலும் லிஃப்டிலும் மேலே ஒளி நிறைந்த பெரிய மண்டபத்துக்குப் போகலாம்.  அடித்தளச் சேமிப்பறைகள் உள்ள எந்தப் பழைய கட்டடத்திலும் இது முடியுமா என்று முதலில் பார்க்கத் தகும்.

சேமிப்பறைகளைக் காலி செய்தால் பொருள்கள் எங்கே போகும் என்பது நியாயமான கேள்வி. பெரும்பாலான அருங்காட்சியகங்களில் காட்சியில் இருப்பது சேகரிப்பின் சிறு பகுதியே. மிச்சம், ஈரக்கசிவுள்ள அடித்தளத்திலோ வெப்பம் கொதிக்கும் கூரையடியிலோ, அதாவது கட்டடத்தின் மிக மோசமான இடங்களில் அடுக்கப்பட்டிருக்கும். சேமிப்பைத் தனியாக, எளிமையான, நன்கு காப்பிட்ட புதிய கட்டடத்துக்கு மாற்றுவது பொருள்களுக்கும் நல்லது, பழைய கட்டடத்துக்கும் நல்லது. ராட்டர்டாமில் பாய்மன்ஸ் அருங்காட்சியகம், தன் பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பதற்காக மூடியிருக்கும்போதே, 151,000 பொருள்கள் கொண்ட சேமிப்பகத்தைத் தனிக் கட்டடமாக எழுப்பி, 2021 நவம்பரில் பொதுமக்கள் உள்ளே சென்று பார்க்கவும் திறந்துவிட்டது. அவ்வளவு பகட்டு எல்லோருக்கும் தேவையில்லை. நகர்ப்புறத்தின் ஓரத்தில் ஓர் உறுதியான கிடங்கு போதும்.

இனி மக்கள் பயன்பாடு. மரபுக் கட்டடங்களைச் சமூகத்துக்குப் பயனுள்ள வேலைக்குக் கொண்டுவருவது விரும்பத்தக்கது என்று வெனிஸ் சாசனமே சொல்கிறது; அதற்காக அமைப்பையோ அலங்காரத்தையோ மாற்றக் கூடாது என்பது அதே வரியில் உள்ள நிபந்தனை. 2022 ஆகஸ்டில் பிராகாவில் சர்வதேச அருங்காட்சியகங்கள் மன்றம் ஏற்ற, அருங்காட்சியகத்துக்கான புதிய வரையறையிலும் சமூகங்களின் பங்கேற்பு இடம்பெற்றுவிட்டது. நடைமுறையில் இது மூன்று பௌதிக விஷயங்களில் வந்து முட்டுகிறது. முதலாவது பாரம்: கூட்டம் நிற்கும் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 400 முதல் 500 கிலோ வரை தாங்கும் திறன் கேட்கப்படும், பேழைகள் நின்ற மரத்தளம் அதற்குக் கட்டப்பட்டதல்ல. ஆகவே நிகழ்ச்சிகளுக்குத் தரைத்தளமே உகந்தது. இரண்டாவது மூச்சு: உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு 50 கிராம் அளவில் நீராவியை வெளிவிடுவார் என்று கொண்டால், 200 பேர் இரண்டு மணி நேரம் இருந்தால் 20 லிட்டர் தண்ணீர் அந்த அறையின் காற்றில் சேர்கிறது. அந்த அறையிலேயே பனையோலைச் சுவடியையும் வைத்திருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது ஒலி: பேச்சு தெளிவாகக் கேட்க எதிரொலி ஏறத்தாழ ஒரு வினாடிக்குள் அடங்க வேண்டும், கல்லும் காரையுமான உயர்ந்த மண்டபத்தில் அது மூன்று நான்கு வினாடி சுழலும். ரைக்ஸ்மியூசியத்தின் முற்றங்களில் கூரையிலிருந்து தொங்கும் பெரிய சட்டங்கள் விளக்குகளைத் தாங்குவதோடு எதிரொலியையும் அடக்குகின்றன. சுவரைத் தொடவே இல்லை.

எனவே கட்டடத்தை மூடும் நேரம் வேறுபடும் இரண்டு பகுதிகளாகப் பிரித்துவிடுவதே சிறந்த ஏற்பாடு. நுழைவு மண்டபம், முற்றம், கழிப்பறைகள், சிற்றுண்டிச்சாலை, ஒரு பயிற்சி அறை ஆகியவை காட்சிக்கூடங்களைத் திறக்காமலே மாலை வரை இயங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு பூட்டும் கதவு. சிற்றுண்டிச்சாலைக் கழிவு காட்சியறைகளின் வழியே போகக் கூடாது; எலியும் பூச்சியும் அந்த வழியில்தான் துணிகளைத் தேடி வரும்.

எந்தப் பயன்பாடு என்று யார் முடிவு செய்வது என்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் சறுக்குகின்றன. வரைபடம் முடிந்த பிறகு மக்களைக் கூட்டி, கருத்துக் கேட்டுக் கையெழுத்து வாங்குவது ஒரு சடங்கு. இங்கிலாந்தின் டெர்பி நகரில் பழைய பட்டு ஆலை இருந்த இடத்தில் 2021ல் திறந்த அருங்காட்சியகத்தில், காட்சிச் சாதனங்களை வடிவமைப்பதிலும் செய்வதிலும்கூட உள்ளூர் மக்கள் கை கலந்தார்கள். பொருள் செய்யும் பட்டறை ஒன்று அங்கே நிரந்தரமாக இயங்குகிறது. 2023ல் புதுப்பித்துத் திறந்த மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில், கொண்டுவந்த உணவை உட்கார்ந்து உண்ண ஓர் இடமும் தொழுகைக்கும் தியானத்துக்கும் ஓர் அறையும் உண்டு. அதன் தெற்காசியக் கூடத்தை உருவாக்கியதில் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த 30 பேர் பங்கேற்றார்கள். கொண்டுவந்த சோற்றை உண்ண ஓர் இடம் வேண்டும் என்பது, தொடுதிரை வேண்டும் என்பதைவிடப் பல மடங்கு முக்கியமான கோரிக்கை என்று எந்தக் கட்டடக் கலைஞருக்கும் தானாகத் தோன்றியிருக்காது.

மக்கள் ஏற்கெனவே ஒரு கட்டடத்தை எப்படிப் பயன்படுத்திவருகிறார்கள் என்று பார்க்காமல் விடுவதும் தவறு. ரைக்ஸ்மியூசியத்தின் நடுவே, கட்டடத்துக்கு அடியில், ஒரு பொதுவழி ஊடுருவிச் செல்கிறது. அதில் சைக்கிள்கள் போய்வருகின்றன. நுழைவாயிலுக்காக அந்த வழியைக் குறுக்கும் திட்டம் வந்தபோது சைக்கிள்காரர்கள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் திருத்தப்பட்டது, பணி தாமதமாகப் பல காரணங்கள் இருந்தபோதிலும் இது அவற்றுள் ஒன்று. 375 மில்லியன் யூரோ செலவில் பத்தாண்டுகள் கழித்து 2013 ஏப்ரலில் திறந்த பிறகு, சைக்கிள்கள் முன்போலவே அதன் வழியே போயின. இன்று அந்த வழியே நடப்பவர், இருபுறமும் கண்ணாடி வழியாகக் கீழே முற்றங்களைப் பார்த்துக்கொண்டு போகலாம். சைக்கிள்காரர்களின் பிடிவாதத்தால் அந்தக் கட்டடத்துக்கு நன்மையே விளைந்தது என்பது என் எண்ணம்.

பணம் பற்றிச் சுருக்கமாக. மும்பையில் 1872ல் திறக்கப்பட்ட பாவ் தாஜி லாட் அருங்காட்சியகம், மாநகராட்சி, ஓர் அறக்கட்டளை, மரபுப் பாதுகாப்பு நிறுவனமான இன்டாக் ஆகிய மூன்றும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கீழ் ஐந்தாண்டுகள் புதுப்பிக்கப்பட்டு 2008ல் மீண்டும் திறந்தது. கட்டட மீட்புக்கு 2005லேயே யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் முதல் நிலை விருது கிடைத்தது. உரிமை ஒருவரிடம், நிதி ஒருவரிடம், நிபுணத்துவம் ஒருவரிடம் இருக்கும்போது, யார் எதற்குப் பொறுப்பு என்று முதலிலேயே எழுதிவைப்பது பயனளிக்கும். திட்டச் செலவோடு சேர்த்து, ஆண்டுதோறும் கூரைக் கால்வாயைச் சுத்தம் செய்யவும் சுண்ணாம்பு அடிக்கவும் ஆகும் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள். கட்டடம் முழுவதையும் ஒரேயடியாக மூட வேண்டாம். ரைக்ஸ்மியூசியமும் ஒரு பக்கக் கட்டடத்தில் தன் தலைசிறந்த ஓவியங்களைக் காட்டிக்கொண்டேதான் அந்தப் பத்தாண்டுகளைக் கடந்தது.

கண்ணாடிக் கூரைக்கு இப்போது வருகிறேன். அதை இன்று முடிவு செய்ய வேண்டாம். ஓராண்டு எடுத்துக்கொண்டு, கட்டடத்தை முழுமையாக அளந்து வரைபடம் எழுதுங்கள். ஒவ்வோர் அறையிலும் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் எல்லாப் பருவங்களிலும் பதிவு செய்யுங்கள். பொய்க்கூரையையும் சாளரப் பலகைகளையும் இரண்டு அறைகளில் மட்டும் எடுத்துப் பாருங்கள். அதே ஓராண்டில் முற்றத்தில் உள்ள கிடங்குப் பொருள்களையும் கொட்டகைகளையும் அகற்றி, மடக்கு நாற்காலிகளும் நான்கு விளக்குகளும் மட்டும் வைத்து, இடம் கேட்டு வருபவர்களுக்கு மாலை நேரத்தில் திறந்துவிடுங்கள். யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எந்தக் கதவைத் தேடுகிறார்கள் என்று ஒருவர் குறித்துக்கொண்டே வரட்டும். அந்த ஆண்டின் முடிவில், மழையாலும் வெயிலாலும் எத்தனை நாள் நிகழ்ச்சி நின்றது என்ற எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கூரை வேண்டுமா என்று குழு மறுபடி கூடிப் பேசட்டும்.